ஏழும் ஒன்றும்

பிரிந்தூஷாவின் கடையில் யாராவது இரட்டைப்படையில் பூ கேட்டால் அவள் முதலில் ஆளின் முகத்தைப் பார்ப்பாள். "சாவுக்கா?" என்று கேட்பாள். ஆமாம் என்றால் எண்ணிக் கட்டி, இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லி அனுப்புவாள். இல்லை என்றால் ஒரு பூவை உருவி வாளியில் போடுவாள், அல்லது தன் கணக்கில் ஒன்றைச் சேர்ப்பாள். காதலிக்குப் பன்னிரண்டு ரோஜா கேட்டு அடம் பிடித்த ஒரு வெளிநாட்டுப் பையனைக் கடையைவிட்டே துரத்தியிருக்கிறாள்.

திமிஷ்வாரா நகரத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான் இது. உயிரோடு இருப்பவருக்கு ஒற்றை, இறந்தவருக்கு இரட்டை. மற்றவர்கள் அதைப் பூவோடு விட்டுவிடுவார்கள். பிரிந்தூஷா விடமாட்டாள். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டி வேகவைக்கும் நாளில் தட்டுக்கு ஐந்து வைப்பாள். இன்னும் ஒன்று என்று கேட்டால் இரண்டு விழும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் கணவன் திபேரியு எட்டாம் எண் டிராம் ஓட்டிக்கொண்டிருந்தான். வேறு தடத்துக்கு மாறினால் சம்மதம் என்று சொல்லிவிட்டாள். மேலாளரிடம் உண்மைக் காரணத்தைச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் தடத்தில் வளைவு அதிகம், கழுத்து வலிக்கிறது என்றான். ஏழாம் எண் கிடைத்தது. அது பூச்சந்தையை உரசிக்கொண்டு போகும். ஒவ்வொரு சுற்றிலும் அவள் கடையைத் தாண்டும்போது மணியடிப்பான். அவள் கையில் இருக்கும் பூவை ஆட்டுவாள். பதினோரு வருடமாக இப்படித்தான்.

அவளுடைய கெண்டைக்காலில் ஒரு மச்சம் கெட்டுப் புற்றானது. வெட்டி எடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து, வெட்டிய இடத்திலிருந்து முழங்காலை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிகள் கிளம்பின. நீலமும் கறுப்புமாக, சின்னச் சின்னதாக. ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவளுடைய ஈரல் அதைத் தாங்கவில்லை. மஞ்சளாகப் படுத்துக் கிடந்தாள். நிறுத்திவிட்டார்கள்.

அப்போதுதான் டாக்டர் ஸ்மரந்தா ஊசியைப் பற்றிப் பேசினாள். உயரமான பெண். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள்.

"உங்க உடம்புக்குள்ள போலீஸ் இருக்கு," என்றாள். "ஆனா தூங்குது. கள்ளன் நல்ல சட்டை போட்டுக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி நடமாடறான். யாரும் கண்டுக்கல. நாம என்ன பண்ணப்போறோம்னா, அவன் வீட்டுக்குள்ளயே பட்டாசைக் கொளுத்திப் போடப்போறோம். ஊசி வழியா, கட்டிக்குள்ளயே."

"பட்டாசுன்னா?" என்றாள் பிரிந்தூஷா.

"ஒரு கிருமி. உதட்டுல கொப்புளம் வருமே, அந்தக் கிருமிதான். பல்லைப் பிடுங்கி வச்சிருக்கோம்."

"வெடிச்சா என்ன ஆகும் டாக்டரம்மா?" என்று திபேரியு கேட்டான்.

"போலீஸ் முழிச்சுக்கும். ஓடி வரும். கள்ளன் மூஞ்சிய நல்லாப் பாத்துக்கும். அதுதான் நமக்கு வேணும். ஒரு தடவை மூஞ்சி தெரிஞ்சுபோச்சுன்னா, அப்புறம் எந்தத் தெருவுல ஒளிஞ்சாலும் விடாது."

"எல்லாருக்கும் இப்படி நடக்குமா?"

"நடக்காது," என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னாள். "சிலருக்குச் சத்தத்தோட நின்னுடும். நீங்க எந்தப் பக்கம்னு போட்டாத்தான் தெரியும். இது இன்னும் சோதனையில இருக்கிற மருந்து. ஒவ்வொரு தடவையும் கட்டிய அளந்து எழுதுவோம். ரொம்பப் பெருசாச்சுன்னா, சோதனையக் கவனிக்கிற குழு நிறுத்தச் சொல்லிடும்."

நிறுத்தினால் அடுத்து என்ன என்று திபேரியு கேட்கவில்லை. டாக்டரின் பார்வை ஒருமுறை பிரிந்தூஷாவின் தொடையில் தொடங்கிப் பாதம்வரை போய் வந்தது. அதுவே பதில்.

முதல் ஊசிக்கு முந்தைய ஞாயிறு, நவம்பர் மாதம். கல்லறைக்கு விளக்கேற்றும் நாள் அப்போதுதான் முடிந்திருந்தது. அந்த வாரம் முழுக்க பிரிந்தூஷா சாமந்தியை ஆறாறாகவும் எட்டெட்டாகவும் கட்டி விற்றிருந்தாள். வருடத்தில் அந்த ஒரு வாரம்தான் அவள் கை இரட்டைக்குப் பழகும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவாள்.

குளியலறையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். திபேரியு ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு அவளுக்குத் தலைச்சாயம் பூசிக்கொண்டிருந்தான். அது அவன் வேலை. பிடரி முடியை மேலே தூக்கினவன் அப்படியே நின்றான்.

"தூஷா, இங்க ஒண்ணு இருக்கு."

"என்ன ஒண்ணு?"

செர்ரிக் கொட்டை அளவுதான். முடிக்குள்ளே, நீலமும் கறுப்புமாக. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கையுறையைக் கழற்றிவிட்டுக் கைப்பேசியில் படம் எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"அழிச்சுடு," என்றாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட..."

"கால்ல எத்தனை இருக்கு?"

"ஏழு."

"அப்ப ஏழு."

"இதோட எட்டு தூஷா."

"அந்த எண்ணை இந்த வீட்டுக்குள்ள சொல்லாத. ஒரு வாரமா எட்டெட்டாக் கட்டிக் கல்லறைக்கு அனுப்பியிருக்கேன். என்னையும் அந்தக் கட்டுல வச்சுடாத."

"இது பூ இல்ல."

"எண்ணறது எண்ணறதுதான்." திரும்பி அவனைப் பார்த்தாள். காதோரம் சாயம் வழிந்தது. "டாக்டரம்மாவே சொன்னாங்க இல்ல, மூஞ்சி தெரிஞ்சுபோச்சுன்னா எந்தத் தெருவுல ஒளிஞ்சாலும் விடாதுன்னு. கழுத்தும் ஒரு தெருதான். போய்ப் பிடிக்கட்டும். படத்தை அழிச்சுடு."

அவன் கைப்பேசியை இரண்டு தட்டுத் தட்டினான். "அழிச்சாச்சு," என்றான். அழிக்கவில்லை. ஏன் அழிக்கவில்லை என்று அவனுக்கே தெரியாது.

மறுநாள் மருத்துவமனையில் சிஸ்டர் கொர்நேலியா ஒவ்வொரு கட்டியின் பக்கத்திலும் பேனாவால் எண் போட்டாள். ஒன்று, இரண்டு என்று கெண்டைக்காலிலிருந்து மேலே ஏறினாள். ஏழு போட்டதும் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பெரிதாக மூச்சுவிட்டாள்.

"ஏழு. நல்லது," என்றாள்.

அவளும் இந்த ஊர்க்காரிதான். பிரிந்தூஷா திபேரியுவைப் பார்த்த பார்வையில், பாத்தியா என்று இருந்தது.

"வேற எங்கயாவது புதுசா ஏதாவது?" என்று டாக்டர் கேட்டாள்.

"இல்ல," என்றாள் பிரிந்தூஷா. சொல்லும்போதே திபேரியுவின் விரல்களைப் பிடித்து நசுக்கினாள். அவன் சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பனிக்கட்டி வைத்து மரத்துப்போகச்செய்து, ஒரே துளை வழியாக ஊசியை இறக்கி, வெளியே எடுக்காமலே உள்ளுக்குள் விசிறி விரிப்பதுபோல நாலா பக்கமும் திருப்பித் திருப்பி மருந்தைச் செலுத்தினாள் டாக்டர். அந்தந்த இடத்தில் கட்டுப் போட்டார்கள். கட்டை வெறுங்கையால் தொடக்கூடாது, கிருமி உயிரோடு இருக்கிறது என்று சிஸ்டர் திபேரியுவுக்குப் பாடம் நடத்தினாள்.

அன்று சாயங்காலம் குளிர் வந்தது. இருக்கிற போர்வையெல்லாம் போட்டும் கட்டில் தடதடவென்று ஆடியது. கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார். பல் கிட்டிக்க, பிரிந்தூஷா சிரித்தாள்.

"ப... பட்டாசு வெடிக்குது திபி."

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி. ஊசி போட்ட ராத்திரி நடுக்கம். மறுநாள் காலையில் காய்ச்சல் இறங்கி, பசியோடு எழுந்திருப்பாள். அதற்கு மறுநாள் கம்பளிக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு சந்தைக்குப் போய்விடுவாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் குல்லாவைக் கழற்றவில்லை. தலைக்குச் சாயம் பூசவும் விடவில்லை. சீப்பு பிடரிப் பக்கம் போகாது. அங்கே கையும் வைக்கமாட்டாள். அப்படி ஒரு இடமே உடம்பில் இல்லை என்பதுபோல இருந்தாள்.

அடுத்த கடை பிரோஷ்காவுடையது. ஹங்கேரிக்காரி, ஐம்பதைத் தாண்டியவள், தொண்டை பெரிது. இருபது வருடமாக இருவருக்கும் இடையே ஒரு வாளி நகர்ந்தால்கூடச் சண்டை. பிரிந்தூஷா ஊசி போட்டுக்கொண்டு படுத்திருக்கும் நாட்களில் அவள் கடையையும் சேர்த்துத் திறந்து வைத்தவள் பிரோஷ்காதான். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

"காலைக் காட்டு பாப்போம்," என்பாள் பிரோஷ்கா.

"உனக்கு எதுக்குக்கா?"

"என் பூ வாடிப்போகுது, உன் கால் மட்டும் மொட்டு விடுதே, என்ன உரம் போடறன்னு தெரிஞ்சுக்கத்தான்."

மொட்டு விடுவது உண்மைதான். பிப்ரவரியில் ஏழு கட்டிகளும் பெருத்தன. சுற்றிலும் சிவந்து, தடித்து, தொட்டால் சுட்டன. டாக்டர் அளவுகோலை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

"போலீஸ் கூட்டம் கூடினாலும் வீடு பெருசாத் தெரியும்," என்றாள். "கள்ளன் குடும்பம் பெருகினாலும் பெருசாத் தெரியும். சதைத் துணுக்கு எடுத்துப் பாத்ததுல ரெண்டு பேருமே இருக்காங்க. யார் கை ஓங்கியிருக்குன்னு சொல்ல முடியல. மார்ச் முதல் வாரம் குழு கூடுது. அன்னிக்குக் காலையில கடைசியா ஒரு தடவை அளக்கறேன். இதே மாதிரி ஏறியிருந்தா, தொடரணும்னு நான் கேக்கறதுக்குக் கையில எதுவும் இருக்காது."

"அப்ப கால எடுக்கணுமா?" என்றாள் பிரிந்தூஷா.

"அதை அன்னிக்குப் பேசுவோம்."

அந்த மூன்று வாரமும் திபேரியு டிராம் ஓட்டினான் என்பதைவிட, டிராம் தானாக ஓடியது என்று சொல்லலாம். அவன் மனம் பிடரியிலேயே இருந்தது. ஏழு வீட்டில் பட்டாசு போட்டார்கள். எட்டாவது வீட்டைப் பற்றி யாருக்கும் தெரியாது. அங்கிருந்து கள்ளன் நிம்மதியாகக் காலுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தால்? அதனால்தான் மருந்து தோற்கிறது என்றால்? அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் அங்கேயும் ஒரு ஊசி இறங்கியிருக்கும். ஒரு நாள் யோசித்துக்கொண்டே ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டான். பயணிகள் கத்தினார்கள். பூச்சந்தை முனையில் மணியடிக்கவும் மறந்தான். கையில் துலிப் பூவைத் தூக்கிப் பிடித்தபடியே பிரிந்தூஷா போகிற டிராமைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்ணாடியில் பார்த்தான்.

குழு கூடும் நாள் வந்தது. மார்ச் பிறந்ததால் ஊர் வழக்கப்படி பிரிந்தூஷா டாக்டருக்கும் சிஸ்டருக்கும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலில் கோர்த்த சின்ன மணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இருவரும் அங்கியில் குத்திக்கொண்டார்கள். டாக்டர் குனிந்து அளந்தாள். சிஸ்டர் எழுதினாள். ஒவ்வொரு எண்ணும் போன தடவையைவிடக் கொஞ்சம் கூட. கடைசி எண்ணைச் சொல்லிவிட்டு டாக்டர் உடனே நிமிரவில்லை.

"எட்டு," என்றான் திபேரியு.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"திபி, வாய மூடு," என்றாள் பிரிந்தூஷா.

"எட்டு டாக்டரம்மா. ஏழு இல்ல. ஒண்ணு கழுத்துல இருக்கு. நவம்பர்லயே இருந்துச்சு. நாங்க சொல்லல."

"அவருக்குத் தூக்கம் சரியா இல்ல டாக்டரம்மா. டிராமைக்கூட நிறுத்தாமப் போறாராம், ஊரே சொல்லுது."

"குல்லாவக் கழட்டுங்க," என்றாள் டாக்டர்.

பிரிந்தூஷா அசையவில்லை. திபேரியுவே போய்க் கழற்றினான். முடியைத் தூக்கிப் பிடித்து, "இதோ," என்று விரலை வைத்தான்.

விரலுக்கு அடியில் ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தேடினான். வலப்பக்கம் தேடினான். சிஸ்டர் கொர்நேலியா விளக்கைக் கிட்டே இழுத்தாள்.

"எங்கங்க?" என்றாள் டாக்டர்.

"இங்கதான் இருந்துச்சு."

"நான்தான் சொன்னேனே, ஏழுதான்," என்றாள் பிரிந்தூஷா. பிறகு மெதுவாக, "திபி. அங்க இல்லையா?"

"இல்ல."

"நல்லாப் பாரு."

கட்டி இருந்த இடத்தில் நாணயம் அளவுக்குத் தோல் வெளுத்திருந்தது. பால் சிந்தியதுபோல. அதிலிருந்து வளர்ந்திருந்த முடிக்கற்றை மட்டும் வேரிலிருந்து அரை விரல் நீளத்துக்கு வெள்ளைவெளேரென்று இருந்தது. மற்ற இடத்திலும் அவளுக்கு நரை உண்டு. இது நரை மாதிரி இல்லை.

திபேரியு கைப்பேசியை எடுத்தான். படத்தைத் தேட நேரமாயிற்று. அதற்குள் பிரிந்தூஷா, "அழிக்கலையா நீ?" என்றாள்.

டாக்டர் படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். ஸ்கேன் கருவியை இழுத்து, குளிர்ந்த பசையைத் தடவி, பிடரி முழுக்க ஓட்டினாள். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"நான் ஊசியே போடாத இடம்," என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "கொர்நேலியா, நான் ஊசியே போடாத இடம்."

"ஆமா டாக்டர்."

"காலுக்கும் கழுத்துக்கும் எவ்வளவு தூரம். நடந்தே போயிருக்கானுங்க." அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மணி கோர்த்த நூல் அங்கியில் குலுங்கியது. "போய்ப் பிடிச்சதோட விடல. கள்ளனும் தோலுக்கு நிறம் குடுக்கிறவனும் ஒரே குடும்பம். மூஞ்சி கொஞ்சம் ஒத்துப்போகுதுன்னு அந்தத் தெருவுல நிறம் குடுக்கிறவனையும் சேத்து அள்ளிக்கிட்டுப் போயிருக்கானுங்க. அதான் இந்த வெள்ளை."

பிரிந்தூஷா கையைப் பின்னால் கொண்டுபோனாள். நான்கு மாதமாகத் தொடாத இடத்தைத் தொட்டாள். முதலில் ஒரு விரல். பிறகு உள்ளங்கை முழுவதும்.

சிஸ்டர் கொர்நேலியாதான் கேட்டாள். "ஏன்மா மறைச்சீங்க?"

"ஏழு போட்டதும் நீங்க எவ்வளவு நிம்மதியா மூச்சுவிட்டீங்க சிஸ்டர். எட்டாயிருந்தா விட்டிருப்பீங்களா?"

சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. அளவுகோலை எடுத்து உறையில் போட்டாள்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைக் கடுமையாக்கினாள். "இது விளையாட்டு இல்ல. கழுத்துல ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் வேற மாதிரி யோசிச்சிருப்பேன். ஒருவேளை இந்த மருந்தையே உங்களுக்குக் குடுத்திருக்க மாட்டேன்." சொன்ன பிறகு அவளே ஒரு நிமிடம் நிறுத்தினாள். "சரி. அது வேற விஷயம். ஆனா இனிமே நகத்துல கறை பட்டாக்கூட எனக்குத் தெரியணும்."

"சொல்லிடறேன் டாக்டரம்மா."

"உங்களைச் சொல்லல. அவரைச் சொல்றேன். அவர்தான் சொல்ற ஆளு."

குழுவுக்குக் கொண்டுபோகும் தாளை எடுத்து டாக்டர் எழுதத் தொடங்கினாள். பிரிந்தூஷா எட்டிப் பார்த்தாள்.

"எட்டுன்னு எழுதாதீங்க."

"எட்டு இருந்துச்சுன்னா எட்டுன்னுதானே எழுதணும்?"

"ஏழும் ஒண்ணும்னு எழுதுங்க. ரெண்டு பேருக்குச் சேத்து வாங்கறவங்களுக்கு நான் அப்படித்தான் ரெண்டு கட்டாக் கட்டிக் குடுப்பேன்."

டாக்டர் யோசித்தாள். காலில் ஏழு, கழுத்தில் ஒன்று என்று எழுதினாள். "இதுவும் உண்மைதான்," என்றாள்.

மத்தியானம் குழு கூடியது. வெளியே நடைபாதையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பிரிந்தூஷா வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாள். இரண்டு துண்டு கொடுத்து, யோசித்து, ஒன்றை மறுபடி பிட்டாள். கதவு திறந்தபோது டாக்டர் தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"திங்கட்கிழமை வாங்க," என்றாள். "ஊசி இருக்கு."

டிராமுக்கு நடந்தார்கள். திபேரியு திட்டுக்குத் தயாராக நடந்தான்.

"அழிச்சுடுன்னு சொன்னேன் இல்ல?"

"சொன்ன."

"அழிச்சேன்னு சொன்ன இல்ல?"

"சொன்னேன்."

"இன்னும் என்னென்ன அழிக்காம வச்சிருக்க?"

"உங்கக்கா கல்யாணத்துல நீ மேசை மேல ஏறி ஆடினது."

அவள் நடுத்தெருவில் நின்று சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் குனிந்தாள். பிறகு நிமிரவே இல்லை. அவன் போய்ப் பிடித்துக்கொண்டபோது அவள் முகம் நனைந்திருந்தது. அவனுக்கு அழுகை வரவில்லை. அவள் பிடரியில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அங்கே ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான்.

அந்த வாரமே மகளிர் நாள் வந்தது. அதன் தேதி மார்ச் எட்டு என்பதால் பிரிந்தூஷா அதை ஏழுக்கு மறுநாள் என்றுதான் சொல்லுவாள். சந்தையில் நிற்க இடமில்லை. குல்லாவைக் கழற்றிவிட்டு, முடியைத் தூக்கிக் கொண்டை போட்டு, வெள்ளைக் கற்றை வெளியே தெரிய நின்று வியாபாரம் செய்தாள்.

"இதென்னடி பின்னால, அணில் வாலா?" என்றாள் பிரோஷ்கா.

"போலீஸ் வந்துபோன அடையாளம்க்கா."

"உன் கழுத்துக்கா வந்தாங்க? இங்க என் வாளி ரெண்டு திருட்டுப்போச்சு, எவனும் வரல."

ஈஸ்டருக்கு முந்தைய பூ ஞாயிறு பிரிந்தூஷாவுக்குப் பெயர் நாள். பிரிந்தூஷா என்பது ஒரு பூவின் பெயர்; பூப் பெயர் வைத்தவர்கள் எல்லாருக்கும் அன்று விருந்து. அதற்குள் காலில் இருந்த கட்டிகளின் சூடு அடங்கி, மேல் தோல் சுருங்கத் தொடங்கியிருந்தது. கெண்டைக்காலில் இருந்த முதலாவது, தட்டையாகி, பழுப்புக் கறையாகி, அளவுகோலுக்கு அகப்படாமல் போனது.

மருத்துவமனையிலிருந்து வந்ததும் அவள் முகம் சரியில்லை. திபேரியு பயந்துபோனான்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணு போயிடுச்சாம்."

"அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"மிச்சம் எத்தனைன்னு எண்ணிப் பாரு."

ஆறு. அவன் இதை யோசித்திருக்கவில்லை.

"சீக்கிரம் இன்னொண்ணு போகணும்," என்றாள் அவள். "போகலன்னா எனக்குத் தூக்கம் வராது. டாக்டரம்மாகிட்ட சொன்னேன். அவங்க என்ன பண்ணுவாங்க, சிரிக்கறாங்க."

மே மாதத்தில் இரண்டு ஒன்றாகப் போயின. ஆறு நான்கானது. பிரிந்தூஷா ஒரு வாரம் உர்ரென்று இருந்தாள். பிறகு மூன்று. அன்று விருந்தே வைத்தாள். பிளம் சாராயத்தை எடுத்து ஊற்றினாள், பிரோஷ்காவுக்கும் சேர்த்து மூன்று குவளை. அப்போதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. ஏழாம் எண் டிராம் சந்தையைத் தாண்டும்போது, பூவை ஆட்டுவதற்குப் பதில் அவள் விரலைக் காட்டுவாள். மூன்று விரல். இரண்டானபோது இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒரே கையில் இரண்டு விரலை அவள் நீட்டமாட்டாள். பயணிகளில் வழக்கமாக வருபவர்கள் அந்தப் பக்க ஜன்னலில் உட்கார ஆரம்பித்தார்கள். சிலருக்குக் காரணம் தெரியும், சிலருக்குத் தெரியாது.

ஒரு விரல் வந்தபோது ஜூன் பாதி ஆகியிருந்தது. முழங்காலுக்குக் கீழே கடைசியாக ஒன்று. பிரிந்தூஷா நிம்மதியாக இருந்தாள். பிரோஷ்காதான் கெடுத்தாள்.

"அதுவும் போச்சுன்னா என்ன மிச்சம்?"

"ஒண்ணும் இல்ல."

"பூஜ்யம். பூஜ்யம் இரட்டைப்படை, தெரியுமில்ல?"

"யார் சொன்னது?"

"பள்ளிக்கூடத்துல சொல்லித் தந்தாங்க. நீ அன்னிக்கு லீவு போட்டிருப்ப."

பிரிந்தூஷா அன்று சாயங்காலம் திபேரியுவைக் கேட்டாள். அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் தெரியாது என்றான். அடுத்த ஊசிக்குப் போனபோது டாக்டரைக் கேட்டாள்.

"இரட்டைதான்," என்றாள் டாக்டர், மருந்தை உறிஞ்சிக்கொண்டே. பிறகு பிரிந்தூஷாவின் முகத்தைப் பார்த்தாள். "ஆனா நீங்களே சொல்லுங்க, இத்தனை வருஷத்துல யாராவது உங்க கடைக்கு வந்து, சாவு வீட்டுக்குப் போகணும், பூஜ்யம் பூ குடுங்கன்னு கேட்டிருக்காங்களா?"

பிரிந்தூஷா நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். "இல்ல," என்றாள்.

"அப்புறம் என்ன? காலை நீட்டுங்க."

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை அளக்க வரச்சொல்லியிருந்தார்கள். திபேரியுவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நான் என்ன குழந்தையா என்று சொல்லிவிட்டு அவள் தனியாகவே போனாள். அவன் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி ஓட்டினான். ஒவ்வொரு முறையும் சந்தை முனையில் பிரோஷ்காதான் இரண்டு கடைக்கும் நடுவே நின்று, இன்னும் வரல என்று கையை விரித்தாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது மறுபடி வளைவில் திரும்பினான். பிரிந்தூஷா நின்றிருந்தாள். நடைபாதையின் விளிம்புவரை வந்து நின்றிருந்தாள். அவள் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. முகத்தை வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தாள். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

டிராம் கிட்டே வந்ததும் கைகளை முன்னால் கொண்டுவந்தாள். விரல்களை மடக்கவும் இல்லை, எண்ணிக் காட்டவும் இல்லை. இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். வெறுங்கை. ஒரு இதழ்கூட இல்லை.

அங்கே நிறுத்தம் கிடையாது. திபேரியு வண்டியை மெதுவாக்கினான். மணியை அடித்தான். இரண்டாம் முறையும் அடித்தான். ஜன்னலோரத்தில் யாரோ கைதட்டினார்கள். பிரிந்தூஷா அப்படியே நின்று, தலையைச் சாய்த்து, புருவத்தை உயர்த்தி அவனைப் பார்த்தாள்.

அவனுக்கு நினைவு வந்தது. இன்னொரு முறை அடித்தான்.